கதையில் வருபவனைக் காதலிக்கிறேன், இது நோயா?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் கேட்டது, சுருக்கமாக: "அக்கா, ஒரு ஜப்பானிய அனிமே தொடரில் வரும் ஒருவனை ஐந்து வருஷமாகக் காதலிக்கிறேன். ரசிகை என்கிற மாதிரி இல்லை. அவனை நினைத்தால்தான் தூக்கம் வருகிறது. உடம்பிலும் ஆசை வருகிறது. அவன் வெறும் ஓவியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நேரில் பார்த்த எந்த ஆண் மேலும் இப்படித் தோன்றியதில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இது நோயா? கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா? மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா? போனில் இருக்கும் அவன் படங்களை அழித்துவிட வேண்டுமா?"

தங்கச்சி, நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். 16 வருஷமாக நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்த முதல் ஆள் நீங்கள் இல்லை. விசைப்படகில் போகும் ஓர் அண்ணன், வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வந்த ஒருத்தியை மறக்க முடியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் முதலில் கேட்பது நீங்கள் கேட்டதைத்தான். அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், அதாவது 2022 முதல் நடைமுறையில் இருக்கும் 11-ஆவது பதிப்பில், கற்பனைப் பாத்திரத்தின் மேல் வரும் காதலோ காமமோ ஒரு நோயாக இடம்பெறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலும் இல்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா என்றால், கல்யாணம் மருந்து அல்ல. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். அதற்கு முன் உங்களுக்கு நடப்பது என்ன என்று புரிந்துகொள்வோம்.

இதற்குப் பெயர் இருக்கிறது. பாத்திரத்தின் மேல் காமம் சார்ந்த ஈர்ப்பு வந்தால் ஃபிக்டோசெக்ஷுவல், காதல் சார்ந்ததாக இருந்தால் ஃபிக்டோரொமான்டிக், அந்தக் காதலோ ஆசையோ ஆழமாக நீடித்தால் ஃபிக்டோஃபிலியா என்று சொல்கிறார்கள். ஜப்பானில் தட்டையான, வரைந்த பாத்திரங்களின் மேல் வரும் ஈர்ப்புக்கு 'நிஜிகான்' என்ற சொல் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. ஒரு பாத்திரத்தோடு தன்னைச் சேர்த்துக் கனவு காணும் பெண்களுக்கு 'யுமேஜோஷி' என்று பெயர். கனவுப் பெண் என்று பொருள். நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்காகத்தான் இந்தப் பெயர்களைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

2021-இல் ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெலி-மட்டி கர்ஹுலஹ்தி, தான்யா வாலிசாலோ என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட காதலில் இருப்பவர்கள் இணையத்தில் தாங்களே மனம்விட்டு எழுதியதைப் படித்துச் செய்த ஆய்வு அது. அதில் என்னைத் தொட்ட விஷயம், அவர்கள் யாரும் குழம்பிப் போயிருக்கவில்லை. அந்தப் பாத்திரம் நிஜம் இல்லை என்று நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் காதல் நிஜமாக இருக்கிறது. அவர்களுக்கு வலி வருவதும் அந்த இடத்தில்தான். "அவன் வெறும் ஓவியம் என்று எனக்குத் தெரியும்" என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த வரியைப் படித்ததுமே எனக்குப் பெரிய கவலை போய்விட்டது.

எப்படி இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும்? நம் ஊர்த் திருவிழா நாடகத்தை நினைத்துப் பாருங்கள். அரிச்சந்திரன் மயான காண்டம் நடக்கும்போது, விடியற்காலை மூன்று மணிக்கு, மணலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சந்திரமதியாக நடிப்பவர் மாலையில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். மடியில் கிடக்கும் லோகிதாசன் கொஞ்ச நேரத்தில் எழுந்து டீ குடிக்கப் போவான். என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அழுவார். 1975-இல் காலின் ராட்ஃபோர்டு என்ற தத்துவ ஆசிரியர் இதையே கேள்வியாக்கினார். இல்லை என்று தெரிந்த ஒருத்தியின் கதிக்காக நாம் ஏன் கலங்குகிறோம்? அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை. என் அனுபவத்தில் சொல்வதென்றால், மனசு அசைவதற்கு முன் உண்மையா பொய்யா என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. கண்ணீர் முதலில் வந்துவிடுகிறது. ஆசையும் அப்படித்தான்.

நம் இலக்கியத்துக்கு இது புதிது இல்லை. அகப்பாடலில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதனால் நெய்தல் பாட்டில் வரும் ஆணுக்குப் பெயரே கிடையாது. சேர்ப்பன், துறைவன், கொண்கன் என்று கடற்கரைத் தலைவனைக் குறிக்கும் பொதுச்சொல், அவ்வளவுதான். அவனுக்காக ஒருத்தி புன்னை நிழலில், பொழுது சாயும் நேரத்தில், காத்திருந்து இரங்குகிறாள். பெயரில்லாத அந்தத் துறைவனுக்கு இரண்டாயிரம் வருஷமாக வாசகர்கள் தங்கள் மனதில் இருக்கும் முகத்தைத்தான் கொடுத்து வந்திருக்கிறார்கள். யாரோ கட்டிய ஒரு ஆள், யாரோ ஒருவரின் நெஞ்சுக்குள் உயிரோடு நடமாடுவது நம் கவிதையின் அடிப்படையிலேயே இருக்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து சேதுக்கரை போகும் வழியில் திருப்புல்லாணி இருக்கிறது. அந்தத் தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடும்போது தன்னை ஒரு பெண்ணாக்கிக்கொண்டு பாடுகிறார். என் அழகைக் கொண்டு போய்விட்டான் என்று அந்தப் பெண் புல்லாணியின் புன்னைப் பொழிலைப் பார்த்துக் கலங்குகிறாள். அது பக்தி. பக்தருக்கு அங்கே இருப்பவன் கற்பனை இல்லை. அதையும் உங்கள் விஷயத்தையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்கு எதிரே இல்லாத ஒருவனுக்காக உடம்பு மெலிவதை, வளை கழல்வதை, தூக்கம் போவதை வெட்கப்படாமல் பாடிய மொழி நம்முடையது. அந்த மொழியைப் பேசுகிற நீங்கள் இதை இவ்வளவு ஒளித்து வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். இந்தக் கடற்கரையில் பாதிக் காதல், ஆள் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் கணவர் வளைகுடாவில் இருக்க, இரண்டு வருஷம் குரல் பதிவுகளைக் கேட்டே குடும்பம் நடத்தும் பெண்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் நேசிப்பதிலும் ஒரு பங்கு அவர்களே கட்டிக்கொண்ட ஆள்தான். ஆனால் விடுமுறையில் அந்த மனிதர் வந்து இறங்குவார். சோற்றில் உப்பு கம்மி என்பார். மனதில் இருந்தவருக்கும் வந்து நிற்பவருக்கும் இடையில் சண்டை நடக்கும், அப்புறம் சமாதானம் ஆகும். உங்கள் பாத்திரம் ஒருநாளும் வந்து இறங்க மாட்டான். உங்களை மறுத்துப் பேச மாட்டான். நீங்கள் மாறினால் கூடவே மாறவும் மாட்டான், நீங்கள் மாற்றினால் ஒழிய. உங்கள் காதலுக்கும் மற்றக் காதல்களுக்கும் நான் காணும் உண்மையான வித்தியாசம் இது ஒன்றுதான். இதில் நிம்மதியும் உண்டு, தனிமையும் உண்டு. இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே அனுபவித்திருப்பீர்கள்.

உடம்பைப் பற்றி ஒரே வரியில் எழுதித் தாண்டிவிட்டீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நான் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மனிதருக்கு ஆசை கற்பனையில்தான் தொடங்குகிறது. வயது வந்த ஒரு பெண், வயது வந்த ஆணாகப் படைக்கப்பட்ட பாத்திரத்தை நினைத்துத் தனிமையில் கிளர்ச்சி அடைவதால் யாருக்கும் கேடு இல்லை. உடம்பும் கெடாது.

ஓவியத்தின் மேல் இவ்வளவு வேகமாக ஆசை வருவதற்கு இயற்கையிலேயே ஒரு காரணம் இருக்கலாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் பனிக்காலத்தில் கூட்டமாக இறங்கும் கடற்காகங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் ஒன்றின் மஞ்சள் அலகில் சிவப்புப் புள்ளி இருக்கும். குஞ்சு அதைக் கொத்தினால்தான் தாய் இரையைக் கக்கும். நிக்கோ டின்பெர்கன் என்ற விஞ்ஞானி, வெள்ளை வளையம் போட்ட ஒரு மெல்லிய சிவப்புக் குச்சியை நீட்டினார். குஞ்சுகள் நிஜ அலகைவிட அந்தக் குச்சியை ஆவலோடு கொத்தின. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கணவாய் பிடிக்கும் தூண்டிலில் கட்டுகிற பொய் இறால், நிஜ இறாலைவிடப் பளபளப்பாகத்தானே இருக்கிறது. அனிமே முகத்தின் பெரிய கண், தேர்ந்தெடுத்த குரல், சரியான நேரத்தில் வரும் மௌனம், இவற்றையெல்லாம் திறமையான பலர் சேர்ந்து வருஷக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். உங்களை ஏமாற்றுவதற்காகச் செய்தது இல்லை, அது கலை. ஆனால் பெண் பார்க்க வந்து பத்து நிமிஷம் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை, அந்தக் கலையோடு ஒப்பிடுவது அந்தப் பையனுக்கு நியாயம் இல்லை. ஒருவரோடு நீண்ட நாள் பழகிய பிறகுதான் ஈர்ப்பே வரும் என்கிற சுபாவம் உள்ளவர்கள் நிறைய உண்டு. நீங்கள் அந்த வகையாக இருந்தால், இதுவரை நேரில் யார் மேலும் தோன்றவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

இல்லை, எவ்வளவு பழகினாலும் நிஜ மனிதர் மேல் உடல் ஆசை வரவே வராது என்றும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் தங்களை ஏசெக்ஷுவல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கற்பனைப் பாத்திரங்களின் மேல் மட்டும் ஈர்ப்பு இருப்பதை அந்த ஃபின்லாந்து ஆய்வும் குறிப்பிடுகிறது. அதுவும் நோய் இல்லை. உங்களுடையது எது என்று இன்றே முடிவு கட்ட வேண்டாம். 24 வயதில் தெரியாமல் இருப்பது சாதாரணம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? அவன் திரை வழியாக எனக்கு மட்டும் ரகசியச் செய்தி அனுப்புகிறான், என்னை வந்து கூட்டிப்போகப் போகிறான் என்று நம்பத் தொடங்கினால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது வேறு விஷயம். கனவிலேயே தினமும் பல மணி நேரம் போய், நிறுத்த நினைத்தும் முடியாமல், படிப்பும் வேலையும் சாப்பாடும் கெட்டால் அதற்கும் உதவி தேவை. இஸ்ரேலில் உள்ள ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ஏலி சோமர் இப்படிப்பட்ட பகற்கனவைப் பற்றி 2002-இல் எழுதினார். அங்கேயும் சிக்கல் நேரம் கைமீறிப் போவதுதான், யாரைக் கனவு காண்கிறோம் என்பது இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, இது நம் காலத்துக்கானது. ஜப்பானில் அகிஹிகோ கொண்டோ என்பவர் 2018 நவம்பரில் ஹட்சுனே மிக்கு என்ற கணினிப் பாடகிப் பாத்திரத்தைத் திருமணம் செய்துகொண்டார். சட்டப்படி செல்லாது, ஆனால் அவருக்கு அது உண்மை. வேலை இடத்தில் கொடுமைப்படுத்தப்பட்டு நொறுங்கியிருந்த தன்னை அந்தப் பாட்டுகள்தான் மீட்டன என்று சொன்னவர் அவர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒளி உருவமாக அவளைக் காட்டி, பேசவும் வைத்த கருவியின் சேவையை 2020 மார்ச்சில் நிறுவனம் நிறுத்திவிட்டது. 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற செயலி தன் செயற்கைத் துணைகளின் காம உரையாடலை ஒரேயடியாக நிறுத்தியபோது, பழகியவர்கள் ஆளைப் பறிகொடுத்தது போலத் துடித்தார்கள். புத்தகத்தில் இருப்பவனை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. நிறுவனத்தின் கணினியில் இருப்பவனைப் பறிக்கலாம், விலை ஏற்றலாம், நீங்கள் அவனிடம் சொன்ன அந்தரங்கத்தைச் சேமித்தும் வைக்கலாம். பதில் பேசும் செயலிகள் பக்கம் போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போனால் பெயர், ஊர், முகம் எதையும் கொடுக்காதீர்கள். காசுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கல்யாணம்.

நம் பக்கத்தில் பெண்ணிடம் எது புரியாவிட்டாலும் இரண்டு வழிதான் சொல்வார்கள். காத்துக்கருப்பு என்று ஏர்வாடி தர்காவுக்கோ வேறு எங்கோ கூட்டிப்போவது, அல்லது கல்யாணத்தை முடித்துவிடுவது. முதல் வழி எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். தர்காவில் போய் மனம் ஆறுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். பூட்டி வைப்பதைத்தான் சொல்கிறேன். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்களுக்கு யாராவது நெருக்கடி கொடுத்தால் இந்த இரண்டையும் ஞாபகத்தில் வையுங்கள்.

இரண்டாவது வழியின் கேடு வெளியே தெரியாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். உங்களைப் போலத்தான், ஒரு பாத்திரத்தின் மேல் ஆழமான காதல். கல்யாணம் ஆனால் மறந்துவிடும் என்று நினைத்து, முதலில் வந்த வரனுக்கே தலையாட்டிவிட்டார். எட்டு மாதம் கழித்து வந்தபோது, கணவர் பக்கத்தில் வந்தாலே கை கால் விறைத்துப்போகிறது என்றார். கணவர் நல்ல மனிதர். தன் மேல் என்ன குறை என்று தெரியாமல் அவரும் இளைத்துப்போயிருந்தார். அந்த இரண்டு பேரில் யார் மேலும் குற்றம் இல்லை. இதைச் சரிசெய்வது கல்யாணத்தின் வேலை இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் மருந்து அல்ல என்று முதலிலேயே சொன்னேன்.

நீங்கள் செய்யக்கூடியது, மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்து உங்களையே கேட்டுக்கொள்வது. ஒரு மனிதரோடு வீடு, சாப்பாடு, பேச்சு, வயோதிகம் என்று கூடி வாழ ஆசை இருக்கிறதா? நிஜமான ஒருவரைக் காதலிக்க ஆசை இருக்கிறதா? நிஜமான ஒருவரின் உடல் பக்கத்தில் வரும்போது பயமா, அருவருப்பா, அல்லது இன்னும் பழகாத கூச்சம் மட்டுமா? மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டியதில்லை. பயமோ அருவருப்போ என்றால், சின்ன வயதில் யாராவது உங்களைக் காயப்படுத்தியிருக்கிறார்களா என்பதையும் தனிமையில் நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குக் கற்பனை ஆள் மட்டுமே ஆபத்தில்லாத ஆளாக இருந்திருக்கிறான். அப்படியென்றால் அந்தக் காயத்துக்குத்தான் சிகிச்சை, காதலுக்கு இல்லை.

வீட்டில் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒரு வருஷம் வேண்டும், பார்க்கிற பையனோடு நாலைந்து தடவையாவது பேசாமல் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் முடியவில்லை என்றால் சித்தியோ அத்தையோ, வீட்டில் பேச்சு செல்லுபடியாகும் ஒரு பெண்ணிடம். இதைச் சொல்ல உங்களுக்குச் சட்டப்படியும் உரிமை இருக்கிறது, நியாயப்படியும் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் பாத்திரத்தின் பெயரைச் சொல்வது உங்கள் இஷ்டம். மனதுக்குள் யார் வந்து போகிறார்கள் என்ற கணக்கு எந்தக் கணவனும் மனைவியும் முழுதாக ஒப்படைப்பதில்லை, அது துரோகமும் இல்லை. ஆனால் நிஜ மனிதர்களின் மேல் எனக்கு உடல் ஆசை வருவதில்லை என்பது உங்களுக்குத் தெளிவாகிவிட்டால், அதை மட்டும் தாலி ஏறுவதற்கு முன் அவரிடம் சொல்லியாக வேண்டும். அது அவர் வாழ்க்கையும்தான். கேட்டுவிட்டு விலகிப் போகிறவர் போகட்டும். இருந்து பேசுகிறவரும் உண்டு.

யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும் போல் இருந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, இலவசம், தமிழில் பேசலாம். நேரில் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே போய், "எனக்குக் குழப்பமாக இருக்கிறது, கல்யாண முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது" என்று தொடங்கினால் போதும். ஒருவர் புரியாமல் சிரித்தால் வேறு ஒருவரைக் கேளுங்கள். உங்கள் மேல் தப்பு என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

படங்களை அழிக்க வேண்டாம். பயத்தில் எதையும் அழிக்காதீர்கள். ஐந்து வருஷம் உங்களைத் தூங்க வைத்தவன் அவன். போனில் தனி ஃபோல்டரில் பூட்டு போட்டு வையுங்கள். ஒருநாள் பார்க்கத் தோன்றாமல் போனால் போகட்டும், தோன்றிக்கொண்டே இருந்தால் இருக்கட்டும். நாலைந்து தடவை பேசிய பிறகு அந்தப் பையனைப் பற்றி என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.